அலுவலில்லாத கார்

“எங்கே போகிறாய்?” என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்ன குற்றத்துக்காகக் கதிர்காமநாதன் பொலிஸ் நிலைய வாங்கில் இரண்டு மணித்தியாலமாகக் குந்தியிருந்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று அவர் புறப்பட்டிருந்தார். பம்பலப்பிட்டிக்குக் கிட்டவிருந்த செக் பொயின்றில் கோப்ரல் கையைக் காட்டி மறித்தான்.

“கொஹேத யன்னே?”

எங்கே போகிறீர் என்றுதான் கேட்டான். கதிர்காமநாதனுக்கு இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் படித்த கந்தோர்ச் சிங்களம் கைவசம் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, “நிக்கங்” என்றார். சும்மா!

யாழ்ப்பாணத்துத் தமிழர். கூரையில்லாத சிவப்புக் கார். சும்மா போகிறார். கோப்ரலின் பத்து வருஷச் சேவையில் இப்படியொரு பதிலை ஒருவரும் சொன்னதில்லை. சீற்றைக் கழற்றினார்கள், டயரைத் தட்டினார்கள், கடைசியில் காரை அங்கேயே விட்டுவிட்டு ஆளைப் பொலிசுக்கு அனுப்பினார்கள்.

கொழும்பில் தங்கும் தமிழர் வீட்டு விலாசத்தோடு வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மனைவி பாலேஸ்வரி வந்து சேர்ந்தாள்.

“என்னப்பா சொன்னனீங்கள்?”

“சும்மா போறன் எண்டனான்.”

“இந்தக் காலத்தில ஆராவது சும்மா போவினமே? கோயிலுக்கு எண்டு சொல்லியிருக்கலாம். சரி, திறப்பைத் தாங்கோ. காரை ஆரைக்கொண்டாவது வீட்டை எடுப்பிக்கிறன்.”

எல்லாம் முடிந்து அவர் நடந்து வீட்டுக்குப் போனபோது, கார் ஒழுங்கையில் பத்திரமாக நின்றது. கராஜ்கார மர்ஸூக்தான் கொண்டுவந்து விட்டிருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டார். யார் என்று விசாரிக்கும் நிலையில் அவர் இல்லை.

அந்தக் கார் அவர் கைக்கு வந்து ஒரு மாதம். கந்தோரில் ரைப்பிஸ்ற்றாக இருந்த றோஸி மிஸ் மெல்பேணுக்குப் போகும்போது, காலஞ்சென்ற கணவரின் காரை யாருக்கும் விற்க மனமில்லாமல் இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். இரண்டே இரண்டு இருக்கை. ஒரு தேங்காய் மூட்டைகூட வைக்க இடமில்லை.

பாலேஸ்வரி முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “நான் சுன்னாகத்தில மூண்டு லொறி ஓடின வீட்டில பிறந்தனான். சாமான் ஏத்தேலாததை எல்லாம் வாகனம் எண்டு எனக்குக் காட்டாதேங்கோ. உதவாத சாமான்!”

காரைத் திருத்தக் கொண்டுபோன ஒருகொடவத்தைக் கராஜில்தான் அவருக்கு ஞானம் கிடைத்தது.

“மர்ஸூக் நானா, இது உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்தானே? ரெண்டு கதவுதான் இருக்கு.”

“எங்கட ஊட்டு அலுமாரிக்கும் ரெண்டு கதவுதான் ஈக்கி, ஐயா.”

“கூரை இல்லை.”

“மீன் லொறிக்கும்தான் கூரை இல்ல.”

“வேகமா ஓடுமே?”

“அம்புலன்ஸ் இதவிட வேகமா ஓடும்.” மர்ஸூக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஐயா, அலுவலுக்குப் போனா அது வேன். எங்க போறண்டு கேட்டா ஓட்டுறவருக்கே பதில் தெரியப்படாது. சும்மா போற கார்தான் ஸ்போர்ட்ஸ் கார். மத்ததெல்லாம் தகரம்.”

கதிர்காமநாதன் உருகிப்போனார். ஐம்பத்து மூன்று வயது வரை அவர் ஓரிடத்துக்கும் அலுவலில்லாமல் போனதில்லை. இந்த வயதில், இந்தக் கொழும்பில், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது முகத்தில் காற்றடிக்கச் சும்மா போகவேண்டும் என்று அவருக்கு அழுகை வருமளவுக்கு ஆசையாக இருந்தது. அதற்கு அந்தக் கார் வேண்டும். அந்தச் செக் பொயின்றையும் கடந்தாக வேண்டும்.

ஆகவே திங்கட்கிழமை கந்தோர் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு புறப்பட்டார். ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்ரியறிங்கில் இடித்தது. சீற்றைக் கழற்றிய ஆமிக்காரன் முன்னுக்குத் தள்ளிப் பூட்டிவிட்டான் என்று முணுமுணுத்தபடி பின்னால் தள்ளினார்.

“கொஹேத யன்னே, அங்கிள்?” அதே கோப்ரல்.

“மருந்துக் கடைக்கு.”

“யாருக்கு மருந்து?”

“நோனாவுக்கு. சரியான சுகமில்லை” என்று மனைவியை நோயாளியாக்கினார்.

கோப்ரல் பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தான். சிப்பாய் வானத்தைப் பார்த்தான். “ஐயோ பாவம், போங்க அங்கிள்!”

காலிமுகத்திடலில் இறால் வடை தின்று, கடலைப் பார்த்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பியவரைக் கோப்ரல் மறுபடி மறித்தான்.

“மருந்து எங்கே?”

கையில் வடை சுற்றிய கடதாசிதான் இருந்தது. “அந்த மருந்து முடிஞ்சுபோச்சாம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை வெறும் மருந்துப் போத்தல் ஒன்றைக் காட்டுவதற்காக எடுத்துப்போனார். முழங்கால் மறுபடியும் இடித்தது. சீற்றில் ஏதோ கோளாறு, மர்ஸூக்கிடம் சொல்லவேண்டும்.

“நோனாவுக்கு என்ன வருத்தம்?” என்று கோப்ரல் விசாரித்தான்.

போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வந்தது பிழையாகிவிட்டது. “தலைச்சுத்து.”

“நல்ல கடற்காத்துப் படவிடுங்க, அங்கிள். சுகமாகிடும்.” சிப்பாய் திரும்பி நின்று இருமினான். அவனுக்கும் சுகமில்லைப் போலும்.

தலைச்சுற்றுக்கு ஒவ்வொரு பின்னேரமும் மருந்து வாங்க முடியாது. புதன்கிழமை பாலேஸ்வரியை ஆஸ்பத்திரியில் அனுமதித்துவிட்டார். நம்பும்படியாக இருக்கட்டும் என்று தலையணை, சுடுதண்ணிப் போத்தல், பாய் எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையில் அடுக்கிக்கொண்டார். கோப்ரல் கண்கலங்கியவன்போல மூக்கைத் துடைத்து, இரண்டு செவ்விளநீரைப் பாயின்மேல் வைத்தான்.

“நோனாவிட்டக் குடுங்க.”

வீட்டில் நல்ல திடகாத்திரமாகத் தோசை சுட்டுக்கொண்டிருந்த நோனாவிடம் கொடுத்தார்.

“ஆர் தந்தது?”

“கந்தோரில ஒராள்.”

“நல்லா இருக்கட்டும்” என்று இரண்டையும் அவளே குடித்தாள். முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. கேட்டால், மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடுகிறாளாம்.

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் பாலேஸ்வரிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கோப்ரல் நோயாளியின் கையில் கட்டச் சொல்லி விகாரையிலிருந்து பிரித் ஓதிய நூல் வாங்கி வந்து கொடுத்தான். கதிர்காமநாதன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போர்க்காலத்தில் ஒரு சிப்பாய் காட்டும் அன்பை இப்படி ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கடலைக்கூட அவரால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை குண்டு விழுந்தது.

“அங்கிள், நோனா வீட்டுக்கு வந்தாச்சா?”

“ஓம்... வந்தாச்சு.”

“நல்லது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்க நாலு பேரும் வந்து பாக்கிறம். விலாசம்தான் பதிவுப் பத்திரத்தில இருக்கே!”

கதிர்காமநாதனுக்கு உண்மையாகவே தலைசுற்றியது. நாலு சிப்பாய்கள் துவக்கோடு வருவார்கள். கதவைத் திறப்பவள் பாலேஸ்வரி. வயிற்றில் ஒரு தையலும் இல்லை. ஆமியிடம் ஒரு கிழமையாகப் பொய் சொன்ன தமிழன் என்று ஜீப்பில் ஏற்றினால் பிறகு பொலிஸ் வாங்கில் குந்துவதோடு போகாது.

அன்றிரவு முழுக்க யோசித்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மூலம் அந்தக் கார். கார் போனால் காலிமுகத்திடல் இல்லை. காலிமுகத்திடல் இல்லாவிட்டால் பொய் இல்லை. போகிற வழியில் நோனா பூரண சுகம், வரவேண்டிய தேவையில்லை என்று சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை அரைநாள் கந்தோரிலிருந்து மர்ஸூக்கோடு ரெலிபோனில் பேசினார்.

“விக்கிறதா?” மர்ஸூக்கின் குரல் உடைந்தது. “ஆள் ஈக்கி ஐயா. ஆனா மனுசன் அதில கோழித்தீன் ஏத்தப்போறாராம்.”

ஞாயிறு காலை அவர் திறப்பைக் கையில் எடுத்ததும் பாலேஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

“இண்டைக்கே குடுக்க வேணுமே?”

“நீர்தானே உதவாத சாமான் எண்டனீர்?”

“ஓம், உதவாதுதான். உதவாத சாமான் ஒண்டு வீட்டில நிண்டா என்ன? உங்களை நான் வைச்சிருக்கேல்லையே?”

அவளுடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவர் திகைத்தார். தனக்காகத்தான் கவலைப்படுகிறாள் என்று நினைத்ததும் அவருக்கும் கண் கலங்கியது. முழங்கால் இடிக்க ஏறி, சீற்றைப் பின்னால் தள்ளிக்கூடப் பார்க்காமல், குறுகிப் போயிருந்தபடியே ஓட்டினார். பெற்றோல் முள்ளும் அடியில் கிடந்தது. ஒரு கிழமையில் இவ்வளவு எங்கே போனது? யாராவது உறிஞ்சியிருப்பார்கள். இனி அதுவும் கோழித்தீன்காரனின் பிரச்சினை.

“கொஹேத யன்னே, அங்கிள்?”

இந்த முறை பொய் தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கார் ஓர் அலுவலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“காரை விக்கப்போறன்.”

கோப்ரலின் முகம் விழுந்தது. “விக்கிறதா?” என்று கத்தினான். மற்ற மூன்று பேரும் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார்கள். ஒருவன் பொனெற்றில் கையை வைத்துக்கொண்டு வீட்டு நாயைத் தடவுவதுபோலத் தடவினான்.

கதிர்காமநாதன் அவசரமாகச் சொன்னார்: “நோனாவுக்கு இப்ப பூரண சுகம். நல்லா எழும்பி நடக்கிறா. நீங்கள் வரத் தேவையில்லை.”

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கோப்ரல் கண்ணைத் துடைத்தபடி கதவில் சாய்ந்தான்.

“அங்கிள், இதை வித்தா நாளைக்குக் காலமை பதினொரு மணிக்கு, நீங்க கந்தோருக்குப் போனாப்பிறகு, நோனா எதில வருவா? ஒவ்வொரு நாளும் ‘கொஹேத யன்னே’ எண்டு கேட்டா, ‘நிக்கங்’ எண்டு சொல்லிப்போட்டுப் பறக்கிறவ அவ ஒராள்தானே!”