சளி டப்பாவில் ஜெயித்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் என் நுரையீரலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கு நீயும் உன் மனைவியும், நீ தினமும் போனில் வழங்கும் மருத்துவ ஆலோசனைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

விடாத இருமலுக்கு ஸ்கேன் எடுத்ததில், நுரையீரலில் ஒரு கிருமி நெடுநாளாகக் குடியிருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டது உனக்குத் தெரியும். காசநோய் இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம், பொதுவாக அடுத்தவருக்கு ஒட்டாது என்றார். நிச்சயப்படுத்த வெவ்வேறு நாளில் எடுத்த சளி வேண்டுமாம். "மாத்திரைன்னு ஆரம்பிச்சா மூணு வகை, ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிடணும். அதுல ஒண்ணு சில பேருக்குக் கண்ணைப் பாதிக்கும். அதனால வெறும் சந்தேகத்துக்குத் தர மாட்டேன்" என்றார். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்குக் கண்ணை விட்டால் வேறென்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்து, "இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிக்கா, என்ன பஸ்ஸுக்கா காத்திருக்கே?" என்று கேட்டாய்.

சளி கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் நினைத்தேன். ஆனால் என் உத்தியோகத்தை யோசித்துப் பார். வாசிப்புக் கூடத்தில் ஒருவர் தும்மினால் நிமிர்ந்து பார்ப்பவள், எனக்கே இருமல் வந்தால் கைக்குட்டையை வைத்து அமுக்கி, சத்தமில்லாமல் விழுங்கியே பழகிப்போனவள். டப்பாவை வாயருகே கொண்டுபோனால் தொண்டை மரியாதையாக மூடிக்கொள்கிறது. முதல் தடவை நான் கொடுத்ததைப் பரிசோதனைக்கூடத்துப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது எச்சில்மா" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் திருப்பித் தந்தாள். இரண்டாம் தடவை எப்படியோ கொஞ்சம் தேற்றினேன். ஆனால் வெளியிலிருந்து எது வந்தாலும் கழுவாமல் உள்ளே விடாத உன் அத்தான், முந்தின நாளே அந்த டப்பாவைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அந்தப் பெருமையை அங்கே வந்து வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். "சார், இந்தக் கிருமி குழாய்த் தண்ணியிலயும் இருக்கும். இதைச் சோதிச்சா அம்மாவுக்கு நோயா, உங்க குழாய்க்கு நோயான்னே தெரியாது." புது டப்பாவை என் கையில் மட்டும்தான் கொடுத்தாள்.

அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். கூடம் நிறைய ஆள். தினசரியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை மனப்பாடம் செய்யும் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். வழக்கம்போல முறைக்க வாயை இறுக்கினேன் பார், உள்ளேயிருந்து இருமல் கிளம்பியது. டப்பாவோடு பின்பக்கப் பழைய புத்தக அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த முறை அமுக்கவில்லை. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமினேன். அலமாரிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வெளியே அந்தப் பெரியவர் கதவைத் தட்டி, "அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது" என்கிறார். இத்தனை வருஷமாக நான் அவருக்குச் சொன்னதை எனக்கே சொல்கிறார். நான் மூடியை இறுக்கித் திருகி, கதவைத் திறந்து, "வந்துடுச்சுங்க" என்றேன். என்னவென்று கேட்டார். "சளி" என்றேன். கூடமே கைதட்டியது, தம்பி. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. நான் யாரையும் அடக்கவில்லை.

அதற்கப்புறம் தொண்டைக்குக் கூச்சம் விட்டுப்போய், அடுத்த டப்பா வீட்டிலேயே சுலபமாக நிறைந்தது. சில வாரம் கழித்து வந்த முடிவில் இரண்டிலும் அதே கிருமி. ஆனால் ஸ்கேனில் பாதிப்பு லேசுதான், காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. இப்போதே மாத்திரை தொடங்கலாம், அல்லது தினமும் சளியை வெளியேற்றிக்கொண்டு, குறித்த நாளில் ஸ்கேனும் சளியும் பார்த்துக் காத்திருக்கலாம், இரண்டும் சரிதான் என்றார் டாக்டரம்மா. உன் அத்தான் மாத்திரையே கூடாது என்றார், நீ போனில் உடனே என்றாய். நான் உங்கள் இருவர் பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, "காத்திருந்தா கைமீறிப் போயிடுமா?" என்று டாக்டரம்மாவையே கேட்டேன். "கண்காணிப்புல இருந்தா பெரும்பாலும் முன்கூட்டியே பிடிச்சிடலாம். நீங்க ஒழுங்கா வரணும், அவ்வளவுதான்" என்றார். காத்திருப்பது என்று முடிவெடுத்தேன். எடை குறைந்தாலோ ஸ்கேனில் நிழல் பரவினாலோ, கண்ணைச் சோதித்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் மாத்திரை. பயம் முழுவதும் போகவில்லை. ஆனால் முடிவு என்னுடையது, அதில் எனக்குக் கொள்ளை சந்தோஷம். அவரவர் நுரையீரல் அவரவர் பாடு, அடுத்தவர் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதை இத்துடன் நீயும் புரிந்துகொள்வாய்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் உரக்கச் சிரித்து, உரக்க இருமி வளர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வாயைத் திறந்துவிட்ட உன் அக்கா

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது உன் மனைவி பேசினாள். மூன்று மாதமாக உனக்கும் இருமலாம், டாக்டரிடம் போகச் சொன்னால் எரிந்து விழுகிறாயாம். வரும் வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் உன் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். உன் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. டப்பா என்னிடம் இருக்கிறது, அத்தான் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.