அர்ஜென்டினாவிலும் எட்டுப் பேர்தான்

சேலையூர்,
12 ஆகஸ்ட் 1976

பெருமதிப்புக்குரிய மச்சான் அசரியா அவர்களுக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், இனி முடியாது. முதலில் முறைப்படி: இங்கே நானும் உங்கள் தங்கை மெட்டில்டாவும் ஆண்டவர் கிருபையால் நலம். குரோம்பேட்டையில் உங்கள் முழங்கால் வலி குறையவும், ரத்தினபாய் அக்காவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவும் ஜெபிக்கிறோம். ஜெபம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், தலையாட்டிப் பொம்மைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவே நிற்கிற சுழற்கோப்பை எங்கள் சேலையூர் நண்பர்கள் கழகத்துக்குச் சேர வேண்டியது. 1967 ஈஸ்டர் திங்கட்கிழமை நடந்த கால்பந்துப் போட்டி உங்களுக்கு மறந்திருக்கலாம். கழகச் செயலாளர் என்ற முறையில் அன்று காலை ஆறு மணியிலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினேன், ஒருவனுக்குக் கண்வலி, ஒருவன் பெண் பார்க்கப் போகிறான், ஒருவன் குன்றத்தூர் மலைக்கு மொட்டை போடப் போய்விட்டான், கடைசியில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எட்டே பேர். உங்கள் அணியிலும் மூன்று பேர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டதால் எட்டே பேர். "சரி மாப்ளே, எட்டுக்கு எட்டு ஆடிடலாம், வெயில் ஏறுது" என்று சொன்னது உங்கள் வாய்தான். எங்கள் பையன்கள் எல்லாருக்கும் முன்னால் ஓடத்தான் ஆசை, கோல் கம்பத்தில் நிற்க ஒருத்தனும் சம்மதிக்கவில்லை, ஆகவே என்னுடைய முப்பத்தெட்டாவது வயதில் நானே பனியனை மாட்டிக்கொண்டு போய் நின்றேன், இரண்டு பந்துகளை நெஞ்சாலும் ஒன்றை மூக்காலும் தடுத்தேன், மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கோப்பைக்குக் கையை நீட்டுகிறேன், விழாக் கமிட்டித் தலைவராகிய நீங்கள் மைக்கைப் பிடித்து, "பதினோரு பேர் இல்லாத ஆட்டம் செல்லாது, கோப்பை போன வருஷம் ஜெயிச்சவங்ககிட்டயே இருக்கும்" என்கிறீர்கள். போன வருஷம் ஜெயித்தது யார்? நீங்கள்!

அங்கேயே சொன்னேன், தென் அமெரிக்காவின் முதல் கால்பந்துக் கழகமே அர்ஜென்டினாவில் தன் முதல் ஆட்டத்தை எட்டுக்கு எட்டுதான் ஆடியது, கல்லூரியில் படித்திருக்கிறேன் என்று. ஆதாரம் கேட்டார்கள். இல்லை. அன்றிலிருந்து தாம்பரத்தில் என் பெயர் 'அர்ஜென்டினா சார்'. ரயில் பிளாட்பாரத்தில் பார்க்கும்போதெல்லாம் நம் சபை லாசரஸ், "சார், உங்க அர்ஜென்டினா வண்டி பல்லாவரம் தாண்டிடுச்சா?" என்பான். பூக்காரி சரசுகூட, "இன்னா சார், அர்ஜின்டினா போய்னு வந்தியா, ரெண்டு முழம் தரவா?" என்கிறாள். எம்.ஏ. படித்தவனுக்கு இது தேவையா?

இப்போது கேளுங்கள். அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸுக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஏழாவதுக்குப் பதில் வந்துவிட்டது! அங்கே ஒரு நூலகத்து அம்மாள் டைப் அடித்து, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார். 1867 மே மாதம் அந்த ஊரிலிருந்த ஆங்கிலேயர்கள் கூடி பியூனஸ் அயர்ஸ் ஃபுட்பால் கிளப்பை ஆரம்பித்தார்கள், முதலில் பார்த்த மைதானம் நம்ம மைதானம் மாதிரியே ஒரே சேறு, பிறகு கிரிக்கெட்காரர்களிடம் இடம் கேட்டு வாங்கி ஜூன் இருபதாம் தேதி ஆடினார்கள், யார் எந்தக் கட்சி என்று தெரிய ஒரு பக்கம் சிவப்புத் தொப்பி, இன்னொரு பக்கம் வெள்ளைத் தொப்பி, பக்கத்துக்கு எத்தனை பேர்? எட்டு! எட்டு, மச்சான், எட்டு! வெள்ளைத் தொப்பி நாலு கோல் போட்டது, சிவப்புக்கு ஒன்றுமில்லை. தோற்ற சிவப்புத் தொப்பிக்காரர் யாரும் மைக்கைப் பிடிக்கவில்லை. அந்தக் கிளப் பிற்பாடு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு மாறி, கடைசியில் இல்லாமலே போயிற்று. ஆனால் அந்த நாலு கோலை நூறு வருஷமாக எவனும் ரத்து செய்யவில்லை.

ஆகவே வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையார் எல்லார் முன்னிலையிலும் கோப்பையை என் கையில் கொடுத்துவிடுங்கள். பொம்மையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இதன் நகல்கள் போதகர் ஐயாவுக்கும் லாசரஸுக்கும் போகின்றன.

ஆண்டவர் உங்கள் முழங்காலையும் மனசாட்சியையும் சேர்த்தே குணமாக்குவாராக. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நிரப்பிக்கொண்டு வந்து, பட்டத்தோடு முழுப் பெயரையும் போடுவேன்.

இப்படிக்கு,



பி.கு.: மை நிரப்பின கையோடு இதை மெட்டில்டாவிடம் வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டே கேட்டாள். "வந்தவங்க எட்டுப் பேர். கோல்ல நின்னது நீங்க. கூட்டுங்க" என்றாள். செயலாளர் என்பவர் பதவி வழி உறுப்பினர் மட்டுமே, கமிட்டியில் ஆள் எண்ணும்போது அவரைச் சேர்ப்பதில்லை என்று விளக்கினேன். "கமிட்டில எண்ண மாட்டாங்க. பந்துக்கு அது தெரியுமா?" என்றாள். பிறகு சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணன் பாதி ஆட்டத்துலயே எண்ணிட்டாரு. ஒன்பது பேர்னு மைக்ல சொன்னா தங்கச்சி புருஷன் மானம் போயிடும்னுதான் பதினோரு பேர் கதைய விட்டாரு. சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நகல்களைக் கிழித்துவிட்டேன். என்றாலும் மச்சான், அர்ஜென்டினாவில் எட்டுப் பேர்தான். அதில் மாற்றமில்லை, அது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எனவே இதைத் தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று தெரிந்தால் உங்களுக்குத்தான் சங்கடம். கையெழுத்துப் போடவில்லை.