திறக்கப்படாத காணொளி மீது ஒரு கண்டனத் தீர்மானம்

உலகம் இன்னும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருப்பதற்கு 'விழிப்பு 91' என்ற வாட்ஸ்அப் குழுவே காரணம் என்பதை ஐக்கிய நாடுகள் சபை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சபையின் தரம் அவ்வளவுதான். அதற்காக நாம் உண்மையை மறைக்க முடியுமா?

பொன்னேரியில் ஒரே வகுப்பில் படித்து, தொண்ணூற்றொன்றில் பத்தாவது எழுதி, பிறகு மூலைக்கொருவராகச் சிதறியவர்களை ஒன்று திரட்டி இந்தக் குழுவைத் தொடங்கியவர் பராசரன். தொடங்கியதால் அட்மின். அட்மின் ஆனதால் சிந்தனையாளர். வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். காலையில் பொன்னேரியில் ரயிலேறினால் கவரைப்பேட்டை வருவதற்குள் மத்தியக் கிழக்கில் ஒரு போரை நிறுத்திவிடுவார். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது ரூபாயின் மதிப்பு சற்றே தேறியிருக்கும்.

குழுவுக்கென்று ஒரு மரபு உண்டு. வரும் காணொளியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மேலே எழுதியிருக்கும் தலைப்பைப் படித்ததும் கருத்துச் சொல்லிவிட வேண்டும். திறந்து பார்த்துவிட்டுப் பேசுவதற்கு எந்த முட்டாளும் போதும். பார்க்காமலே பேசுவதற்கல்லவா அறிவு வேண்டும்? தவிரவும் எல்லோருடைய போனிலும் இடம் நிரம்பியிருந்தது. ஐந்து வருடத்துக் 'காலை வணக்கம்' அதில் பத்திரமாக இருந்தது.

இந்த மரபை மீறியவர் ஒருவரே. அவர் ஹபிபுல்லா. பழவேற்காட்டில் நண்டு வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் வியாபாரி. பள்ளியில் பராசரனுக்குப் பக்கத்து இடம். போன மாதம் 'பழவேற்காடு ஏரியில் ராட்சதத் திமிங்கலம், மக்கள் ஓட்டம்' என்று ஒரு காணொளி வந்தது. அது பருவநிலை மாற்றத்தின் விளைவு என்று மின்நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெரால்டு வள்ளூரிலிருந்து நிறுவினார். அந்நியச் சதி என்று கவரைப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முனுசாமி மறுத்தார். விவாதம் உச்சத்தில் இருந்தபோது ஹபிபுல்லா குறுக்கே புகுந்தார்.

"டேய், ஏரிக்கர மேலதான் என் ஊடு. அங்க இடுப்பளவு தண்ணிகூட கெடையாது. திமிங்கலம் இன்னா நடந்தா வரும்? வீடியோவத் தொறந்து பாருங்கடா. அது எந்த நாடோ."

குழு திகைத்தது. உள்ளூர்க்காரர் என்பதால் அவர் கருத்தில் பாரபட்சம் இருக்கக்கூடும் என்று ஆயுள் காப்பீட்டு முகவர் சுகிர்தா சுட்டிக்காட்டினார். ஆதாரம் கேட்கப்பட்டது. ஹபிபுல்லா திமிங்கலம் இல்லாத ஏரியைப் படம் எடுத்து அனுப்பினார். திமிங்கலம் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு மேல் அவர் எழுதிய ஒரு சொல் இங்கே அச்சிடத் தக்கதல்ல. 'குழுவின் ஒற்றுமைக்குக் குந்தகம்' என்ற பிரிவின் கீழ் பராசரன் அவரை நீக்கினார். விரல் கொஞ்சம் தயங்கியதென்னவோ உண்மைதான். ஆனால் கொள்கை என்று வந்துவிட்டால் நட்பு பார்க்க முடியாது.

இனி தொழிற்சாலைக்கு வருவோம். தீ விபத்து ஏற்பட்டால் என்ன செய்வது என்று அவ்வப்போது ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. புகை போடுவார்கள், சங்கு ஊதும், ஆட்கள் வெளியே ஓடிவந்து கூடுவார்கள், 'அடிபட்ட' ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். போகிறவர் வருகிறவர் பயந்துவிடாமல் இருக்க 'இது ஒத்திகை மட்டுமே' என்ற பெரிய பலகையை வாசலில் வைப்பது பாதுகாப்பு அதிகாரியின் வேலை.

அன்று அடிபட்டவராகப் படுக்க யாரும் முன்வரவில்லை.

"வேணா சார். போன தபா படுத்ததுக்கே ஊட்ல மூணு நாளு சோறு போடல. அபசகுனமாம்," என்று தொழிலாளி லோகு கையெடுத்துக் கும்பிட்டு விலகினான்.

"சரிப்பா, நானே படுக்கறேன்," என்றார் பராசரன். தலைவன் என்றால் முன்னால் நிற்க வேண்டும் என்பார்கள். இவர் ஒருபடி மேலே போய்ப் படுத்தே காட்டினார். அதில் ஒரு வசதியும் இருந்தது. அமெரிக்கா விதித்த புதிய வரியைப் பற்றிக் குழுவில் ஜெரால்டு காலையிலிருந்து தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் போர்வைக்கு அடியில் படுத்தபடியே அவருக்கு விளக்கமாகப் பதில் அடிக்கலாம். அடித்தார். புகை நன்றாக வந்தது. சங்கு நன்றாக ஊதியது. பலகை மட்டும் ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்த்தபடி நின்றது.

சாலையில் போன எவனோ ஒருவன் லாரியை நிறுத்தி, மதில் மேலாகப் படம் பிடித்தான்.

மாலை ரயிலில் பராசரனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. குழுவைத் திறந்தார். முனுசாமி ஒரு காணொளியைப் போட்டிருந்தார். 'கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பயங்கரம்!! ஒருவர் பலி!! உயிர் பிரியும் முன் குடும்பத்துக்குக் கடைசி மெசேஜ் அனுப்பும் தொழிலாளி!! கல் நெஞ்சமும் கரையும்!! மூடி மறைக்கும் நிர்வாகம்!!'

பராசரனின் நெஞ்சு கரைந்தது. காணொளியைத் திறக்கவில்லை, மரபு. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் உள்ள பேட்டையில் ஏதோ ஒன்றில் ஒரு ஏழை செத்திருக்கிறான். இதில் பேசும் தகுதி தன் ஒருவருக்கே உண்டு என்று அவர் உணர்ந்தார்.

'நண்பர்களே, நான் இந்தத் துறையில் இருப்பவன்,' என்று தொடங்கினார். 'முழுப் பொறுப்பும் அந்தப் பாதுகாப்பு அதிகாரியைச் சாரும்.'

'அப்படிப் போடு நைனா,' என்றார் முனுசாமி.

'சும்மா பேசினா பத்தாது. மேல எழுதணும்,' என்றார் ஜெரால்டு. வரி விஷயத்தில் தோற்றிருந்ததால் அவருக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது.

உடனே கண்டன மனு எழுதும் பொறுப்பு அட்மினிடம் 'ஒருமனதாக' ஒப்படைக்கப்பட்டது. ரயில் கவரைப்பேட்டையில் நின்றபோதுதான் தொடங்கினார். பொன்னேரி வருவதற்குள் முடித்துவிட்டார். வேகம் அப்படி. நடுவில் ஹபிபுல்லா போன் செய்தார். வெட்டினார். மறுபடி செய்தார். மறுபடி வெட்டினார். நீக்கப்பட்டவர் அட்மினைத் தனிப்பட்ட முறையில் அணுகுவது முறையல்ல. மனு குழுவில் ஏறியது. யாரும் படிக்காமலேயே 'நானும்', 'நானும்', 'என் பேரும்' என்று முப்பத்தெட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். பராசரன் முதல் பெயராகத் தன் பெயரை எழுதி, காணொளியையும் இணைத்து, மாவட்ட அதிகாரிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு ரயிலை விட்டு இறங்கினார்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஹபிபுல்லா தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நசீரா, பராசரனின் மனைவி அம்புஜவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்புஜவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதோ வந்துட்டாரே," என்றார் அம்புஜவல்லி. "நான்தான் அப்பவே சொன்னேனே, கார்த்தால தயிர் சாதம் எடுத்துண்டு போனவர், ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு."

ஹபிபுல்லா எழுந்து வந்து பராசரனின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"போன எடுக்க மாட்டியா? பாவி, பழவேற்காட்லேர்ந்து அழுதுகினே வண்டி ஓட்டிகினு வந்தேன்டா. எதுர்ல இன்னா வருதுன்னே தெரில."

"என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ஊரு பூரா சுத்துது, பார்றா இத."

ஐந்து வருடத்தில் முதல்முறையாகப் பராசரன் ஒரு காணொளியை முழுதாகப் பார்த்தார். புகை. சங்கு. தண்ணீர்த் தொட்டியின் மேல் தான் சம்பளம் வாங்கும் கம்பெனியின் பெயர். ஒரு ஸ்ட்ரெச்சர். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது போர்வை சரிந்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பிணம், இரண்டு கட்டை விரலாலும் படுவேகமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"உயிரு போற நேரத்துல யாருக்குடா மெசேஜ் போட்டே? அத பாத்துத்தான் எனக்குத் தாங்கல," என்றார் ஹபிபுல்லா.

"ஜெரால்டுக்கு," என்றார் பராசரன். "அமெரிக்கா வரி விஷயமா."

நசீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். பராசரனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற வழியுண்டா என்று தேடினார். வழியில்லை. மகள் கமலினிக்கு இன்னும் இரண்டு வருடக் கல்லூரி இருந்தது. ஐம்பது வயதில் இன்னொரு கம்பெனி யாரைச் சேர்க்கும்?

"நாளைக்கு உன்ன நானே கொண்டுபோய் உடுறேன்," என்றார் ஹபிபுல்லா. "இந்த நெலமையில ரயில்ல போனா நீ வேற எதுனா எழுதி அனுப்பிடுவே."

மறுநாள் அதிகாரிகள் காலையிலேயே வந்துவிட்டுப் போய்விட்டார்கள். பொது மேலாளர் தணிகைவேல், பராசரனை உட்காரச் சொன்னார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒத்திகைதான்னு காட்டிட்டோம். ஒத்துகினாங்க. ஆனா வாசல்ல போர்டு ஏன் வெக்கலன்னு கேட்டாங்க சார். எனக்குப் பதில் தெரில."

பராசரனுக்குத் தெரிந்திருந்தது.

"பதில் இதுல இருக்குதுன்னாங்க," என்று தணிகைவேல் ஒரு தாளை எடுத்துப் படித்தார். "'அந்தப் பாதுகாப்பு அதிகாரி, கடமை நேரத்தில் கைபேசியில் மூழ்கி, அடிப்படை எச்சரிக்கைகளைக்கூடச் செய்யாமல் விட்டிருப்பார் என்பது திண்ணம். ஊர் விஷயங்களில் மூக்கை நுழைக்கும் இத்தகையோர் தம் காலடியில் நடப்பதைப் பார்ப்பதில்லை.' யாரு எழுதனது சார் இது?"

"நான்தான் சார்."

"நல்லா எழுதிருக்கீங்க. ஒரு எடத்துலகூட தப்பில்ல." தாளைத் திருப்பினார். "'விசாரணை முடியும்வரை அவரைப் பணியிடை நீக்கம் செய்ய வேண்டும்.' இதுவும் நியாயமாத்தான் பட்டது. செஞ்சிட்டோம்."

வாசலுக்கு வெளியே ஹபிபுல்லா தன் மினி வேனில் காத்திருந்தார். வண்டி முழுவதும் நண்டு வாடை. பராசரன் ஏறி உட்கார்ந்தார். ஹபிபுல்லாவுக்கு முகத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

அப்போது குழு கொந்தளித்தது. மனுவின் நகல் ஜெரால்டுக்கும் போயிருந்ததால் அதிகாரிகளின் பதில் அவருக்கும் வந்திருந்தது. சம்பந்தப்பட்ட அதிகாரி பணியிடை நீக்கம்! போர் நிறுத்தம், பொருளாதாரம், திமிங்கலம் என்று இத்தனை வருடம் போராடிய குழுவுக்குக் கிடைத்த முதல் வெற்றி. பட்டாசு, மாலை, கைதட்டும் பொம்மைகள் மழையாகக் கொட்டின.

'எல்லாம் பராசரன் பேனாவோட பவரு,' என்றார் முனுசாமி.

'சஸ்பெண்டு பத்தாது. டிஸ்மிஸ் பண்ணணும். அடுத்த மனு எழுது பராசரா, நான் அனுப்பறேன்,' என்றார் ஜெரால்டு.

பராசரன் போனை ஹபிபுல்லாவிடம் காட்டினார்.

"சொல்லிடு," என்றார் ஹபிபுல்லா. "உன் கூட்டாளிங்கதானே. ஒருத்தனுக்காவது மனசு இருக்காதா?"

பராசரன் எழுதினார். வாழ்நாளில் முதல்முறையாக நிதானமாக, பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எழுதினார். அந்த அதிகாரி நான்தான். செத்ததாகச் சொல்லப்பட்டவனும் நான்தான். யாரும் சாகவில்லை, அது ஒத்திகை. பலகை வைக்க மறந்தது என் தவறு, மறந்ததற்குக் காரணம் இந்தக் குழுவில் நான் அடித்த அரட்டை. வேலை போய்விடும்போல் இருக்கிறது. அதிகாரிகளிடம் நீங்கள் எல்லோரும் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும். ஹபிபுல்லாவிடம் எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அனுப்பினார். நண்பர்கள் காக்க வைக்கவில்லை. அந்தக் கணமே பதில்கள் வந்தன.

'செம அடி,' என்றார் முனுசாமி.

'இன்னும் படிக்கலை. ஆனா முழு ஆதரவு,' என்றார் சுகிர்தா.

'நானும்', 'நானும்', 'என் பேரும்' என்று வரிசையாக வந்து விழுந்தன.

"இன்னாடா சொல்றாங்க?" என்று ஹபிபுல்லா வண்டியைக் கிளப்பாமல் ஆவலோடு கேட்டார்.

பராசரன் பதில் சொல்வதற்குள் ஜெரால்டின் செய்தி வந்துவிட்டது. 'சூப்பரா எழுதிட்டே நைனா. மேல "உடனே டிஸ்மிஸ் செய்க"ன்னு ஒரு தலைப்ப மட்டும் போட்டு, அப்படியே அதிகாரிங்களுக்கு அனுப்பிட்டேன். மொதல் பேரு உன்னுதுதான்.'