நாலு பட்டி தாண்டி ஒரு கல்லறை

"போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பஸ் ஒன்பதரைக்கு வந்து மூணுக்குக் கிளம்புது. நேரம் தாராளமா இருக்கு" என்றாள் ரைமொண்டா, சமையலறை மேசையில் தான் வரைந்த வழிப்படத்தைத் தட்டி.

"நடக்கிறதுக்குக் கணக்குப் போட்டுட்டே. சாப்பிடறதுக்கு?" என்றார் கணவர் லுஸ்ஸோரியோ, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிக்கலே அதுதான்.

மேட்டில் இருக்கும் இராட்சதர் கல்லறை ஓருலே கிராமத்துக்குச் சொந்தம். மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கும் கல். நடுவில் நிற்கும் கல் மட்டும் இரண்டு ஆள் உயரம். ஆனால் அடுத்த ஊரான சார்தேய்காரர்கள் பின்பக்கமாக ஒரு மண் ரோடு போட்டு, அம்புக்குறி வைத்த பலகையும் நட்டுவிட்டார்கள். நகரத்து நடைப்பயணச் சங்கம் போட்ட கையேட்டிலும் அது 'சார்தேய் கல்லறை' என்றே அச்சாகிவிட்டது. முப்பது வருஷம் ஓருலேயில் தபால் கொடுத்தவள் ரைமொண்டா. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று அவள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த நாளே சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். ஓருலே வழியாக நடந்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வருவதாகவும், பிடித்திருந்தால் புதிய பதிப்பில் ஊர்ப் பெயரை மாற்றுவதாகவும் பதில் வந்தது.

ஆனால் ஓருலே வழியில் நாலு ஆட்டுப்பட்டி, நாலு கதவு. கதவைத் திறந்துவிட்டவன் கையால் எதையும் சாப்பிடாமல் தாண்டிப் போனால், அந்த வீட்டை அவமதித்ததாக அர்த்தம். என்றோ ஒரு நில அளவையாளர் அவசரமாக இருக்கிறது என்று ஒரு துண்டு சீஸை மறுத்தார். அவருடைய பேரன் இன்றைக்கும் ஓருலேக்கு வந்தால் யாரும் முகம் கொடுப்பதில்லை.

முதல் பட்டிக்காரர் பக்கிஸியோவிடம் போனாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கதவை மட்டும் திறந்து விடுங்க. வேற எதுவும் வேண்டாம். அவங்க கல்லறை பார்க்க வர்றவங்க."

"வேற எதுவும் வேண்டாமா? என்னை என்ன சார்தேய்காரன்னு நினைச்சியா?"

"சரி, ஒரு வாய் ஒயின். அவ்வளவுதான்."

"அடுத்த பட்டி மிந்தோனியா என்ன குடுக்கிறா?"

ரைமொண்டா யோசிக்காமல், "வெறும் காபி" என்றாள்.

"அப்ப நான் ரெண்டு வட்டு சீஸ் அறுக்கிறேன்" என்றார் பக்கிஸியோ, முகம் மலர்ந்து.

இரண்டாவது பட்டி மிந்தோனியாவுடையது. புருஷன் போனபின் இருநூறு ஆட்டைத் தனியாளாக மேய்ப்பவள். ரைமொண்டா கதவை அடைவதற்குள் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் வெறும் காபி குடுக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்றியாமே? பன்றித் தொடை ஒண்ணு உப்புப் போட்டு வெச்சிருக்கேன். அதை இறக்கப் போறேன்."

"அக்கா, அவங்கள்லாம் கறி சாப்பிட மாட்டாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் ரைமொண்டா.

மிந்தோனியா மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ஐயோ பாவம். பன்னிரண்டு பேருமேவா? தொடைன்னா நறுக்கி வெச்சா வேலை முடிஞ்சது. இப்ப உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, மொச்சைச் சுண்டல், தேன் ஊத்தின சீஸ் பணியாரம் எல்லாம் செய்யணும். நீ போ, எனக்கு வேலை இருக்கு."

அன்று மாலை லுஸ்ஸோரியோ, "காபி பணியாரமாச்சு. இன்னும் ரெண்டு பட்டிக்கும் போயிட்டு வந்துடு, கல்யாணமே நடத்திடலாம்" என்றார்.

ரைமொண்டாவுக்கு ரோஷம் வந்தது. இரவெல்லாம் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள்: முதலில் கல்லைப் பார்த்துவிட்டால் போதும், திரும்பும்போது நடப்பதைச் சமாளித்துக்கொள்ளலாம். மறுநாள் நாலு பட்டிக்கும் போய், ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக ஒரே ரகசியத்தைச் சொன்னாள்: "போகும்போது யார்கிட்டயும் சாப்பிட மாட்டாங்க. திரும்பும்போது மதியச் சாப்பாடு உங்க பட்டியில மட்டும்தான். வெளிய சொல்லிடாதீங்க."

நாலு பேரும் வெளியே சொல்லவில்லை. நாலு பேரும் பன்னிரண்டு பேருக்கு முழு விருந்து தயார் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு பஸ் வந்தது. பன்னிரண்டு பேரும் தடியும் தொப்பியுமாக இறங்கினார்கள். சங்கத் தலைவர் ஒல்லியான மனிதர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. "வழி எப்படி?" என்று கேட்டார்.

"ஒரே நேர் வழி. எங்கயும் நிக்க வேண்டியதில்லை" என்றாள் ரைமொண்டா.

முதல் கதவிலேயே நின்றார்கள். பக்கிஸியோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேசையோடு காத்திருந்தார்.

"அண்ணே, திரும்பும்போதுன்னு பேசினோமே?"

"அது சாப்பாடு. அதுக்காக முதல் தடவை என் கதவைத் தாண்டறவங்களை வறண்ட வாயோட அனுப்புவேனா?"

தாள் போன்ற ரொட்டி, இரண்டு வட்டு சீஸ், ஒயின். யாரும் மறுக்கவில்லை. தலைவர் மூன்றாவது முறை சீஸ் எடுத்தபோது ரைமொண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

மிந்தோனியாவிடம் பதினொன்றேமுக்கால் ஆயிற்று. கறி சாப்பிடாதவர்கள் மேல் இரக்கப்பட்டு அவள் ஆளுக்கு ஆறு பணியாரம் வைத்தாள். அதைத் தின்றுவிட்டு ஒருவர், "அங்கே தொங்கறது பன்றித் தொடையா?" என்று ஆசையாகக் கேட்டார். மிந்தோனியா ரைமொண்டாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

மூன்றாவது பட்டியில் மணி ஒன்று ஆயிற்று. நாலாவது பட்டியில், மிர்த்து என்ற வாசனை இலை பரப்பிய பலகையில் முழுப் பன்றிக்குட்டி ஒன்று மொறுமொறுவென்று படுத்திருந்தது. அங்கிருந்து கல்லறைக்கு ஓக் மரங்களைத் தாண்டிப் பத்து நிமிஷ நடை. ஆனால் அந்தப் பட்டியிலேயே நடை நின்றுவிட்டது.

"எழுந்திருங்க, தோ இருக்கு, மரத்துக்குப் பின்னாடிதான்" என்று கெஞ்சினாள் ரைமொண்டா.

தலைவர் எழுந்தார். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். மறுபடியும் உட்கார்ந்தார். ஐந்து பேர் நிழலில் தூங்கினார்கள். இரண்டு பேர் பட்டிக்காரனோடு சேர்ந்து பாடத் தொடங்கியிருந்தார்கள். மணி இரண்டு இருபது.

பக்கிஸியோவின் டிராக்டர் வண்டியில் ஏற்றித்தான் பன்னிரண்டு பேரையும் மேட்டிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. வழியில் மற்ற பட்டிக்காரர்கள் தங்கள் விருந்தைப் பொட்டலம் கட்டி வண்டிக்குள் வீசினார்கள்.

ஊர்ச் சதுக்கத்தில் லுஸ்ஸோரியோ நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தலைவர் ரைமொண்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "புதுப் பதிப்புல 'ஓருலே கல்லறை'ன்னுதான் போடறோம். முடிவு பண்ணிட்டோம்."

ரைமொண்டா கையை உருவிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள்.

"வேண்டாங்க. நீங்க அதைப் பார்க்கவே இல்லை. தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். ஆனா எங்க கல்லு மூவாயிரம் வருஷமா யார் இரக்கத்துலயும் நிக்கல. கண்ணால பார்த்துட்டுப் போடுங்க. இல்லேன்னா சார்தேய் பேரே இருக்கட்டும்."

தலைவர் காது வரை சிவந்துபோய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த பஸ் டிரைவர், தலைவர் ஜன்னலை மூடுவதைப் பார்த்துவிட்டு, ரைமொண்டாவின் பக்கம் குனிந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அக்கா. காலையில ஏழு மணிக்கே இவங்க பின்பக்கமாப் போய் கல்லறையை ஒரு மணி நேரம் நல்லாப் பார்த்துட்டாங்க. அதுக்கு முன்னாடி காபிக்கு நிறுத்தின இடத்துல சார்தேய்காரங்களே சொன்னாங்க, 'முதல்ல கல்லைப் பார்த்துடுங்க, ஓருலேக்குள்ள கால் வெச்சுட்டா அப்புறம் யாராலயும் அதுவரைக்கும் நடக்க முடியாது'ன்னு."