இலேசான எடிட்டரைத் தேடுகிறவர்

உலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர்கள் உண்டு, எழுதாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? புரோகிராமை அடிக்கும் மென்பொருளுக்கு எடிட்டர் என்று பெயர்; எந்த எடிட்டரில் எழுதுவது என்று தேடிக்கொண்டே இருப்பவர்கள். நம்மவர் அந்த இனத்தின் செல்லப்பிள்ளை. அலுவலகத்தில் அவருக்கு ‘இலேசு’ என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயரல்ல. ஆள் தொண்ணூறு கிலோ.

இலேசுக்கு ஓர் அக்கா. பல் டாக்டர். வருகிற திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை சொந்தமாகக் கிளினிக் திறக்கப் போகிறார். இருப்பதோ ஒரே நாற்காலி. ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டால், வீங்கிய கன்னத்தோடு இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். முதல் நாளே கிளினிக்கின் பெயர் கெட்டுவிடும்.

“சின்னதா ஒரு புரோகிராம்டா. யாரு, எத்தனை மணிக்குன்னு போட்டா போதும். முடியுமா?”

“ரெண்டு நாள் வேலைக்கா. பத்து நாள் கிடக்கு!”

பொய் சொல்லவில்லை, பாவம். அன்றே உட்கார்ந்தார். வழக்கமாக வைத்திருக்கும் எடிட்டர் திறக்கப் பதினொரு விநாடி ஆயிற்று. பதினொரு விநாடி! ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுத்துப்போவான்? ‘இந்த யானையைக் கட்டிக்கொண்டு எப்படி எழுதுவது? முதலில் இலேசாக ஒன்று பார்ப்போம்’ என்று முடிவு செய்தார்.

முதலாவது கண் சிமிட்டுவதற்குள் திறந்தது, ஆனால் அதன் கறுப்பு சரியான கறுப்பாக இல்லை. இரண்டாவதில் கறுப்பு பிரமாதம், எழுத்துதான் கொஞ்சம் குண்டு. மூன்றாவதற்குள் நுழைந்தவர் வெளியே வர வழி தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்தார். நாலாவது மனசுக்குப் பிடித்துப்போய், அடைப்புக்குறிக்கு நிறம் பூச ஒன்று, பிழையைக் காட்ட ஒன்று, ஓரத்தில் கோப்புகளை அடுக்க ஒன்று என இருபத்தேழு இணைப்புகளை ஆசை ஆசையாய்ச் சேர்த்து முடித்தபோது, அது திறக்கப் பதினாலு விநாடி எடுத்தது. தூக்கி எறிந்தார்.

“நான் பழசுலயேதான் எழுதறேன், நல்லாத்தானே ஓடுது?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

இலேசு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஓடறது பெரிசில்ல சார். எப்படித் திறக்குது, அதைப் பாருங்க.”

எட்டாம் நாள் அக்கா போன் செய்தார். “எவ்வளவு தூரம்டா வந்திருக்கு?”

“அஸ்திவாரம் போட்டுட்டிருக்கேன்கா.”

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளே சுருக்கென்றது. அவருக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்ததே இந்த அக்காதான். இனி விளையாட்டு கூடாது. எடிட்டர்களை முறையாகச் சோதித்து ஒரேயடியாக முடிவு கட்டிவிடுவது என்று சபதம் எடுத்தார்.

ஞாயிறு காலை, சோதனைக்கென்றே ஒரு புரோகிராம் எழுதினார். எடிட்டரின் பெயர், எடை (அதாவது கம்ப்யூட்டரில் அது அடைக்கும் இடம்), சோதிக்கும் நேரம், திறக்க ஆன நேரம் எல்லாம் அதில் பதிவாகும். இரண்டை ஒன்றாகச் சோதித்தால் அளவு தப்பிவிடும் அல்லவா? அதனால் ஒன்றுக்குக் கொடுத்த நேரத்தை இன்னொன்றுக்குக் கொடுக்காதபடி கறாராகச் செய்தார். முந்நூறு வரி, ஒரே மூச்சில். எதில் எழுதினார் என்கிறீர்கள்? அந்தப் பழைய யானையில்தான். அவசரத்துக்கு அதுதான் கைக்கு வந்தது.

மாலையில் அக்கா நேரிலேயே வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

“ஒரே நேரத்தை ரெண்டு பேருக்குக் குடுக்காதுல்ல?”

“குடுக்காதுக்கா. ஆனா இது எடிட்டர் பேர் போடற…”

“அதுல ஆள் பேர் போட்டா செத்தா போயிடும்? அப்படியே குடு.”

திங்கட்கிழமை கிளினிக் திறந்தது. யாரும் யாரோடும் மோதவில்லை. ஒன்றே ஒன்று: எல்லாக் கட்டத்தையும் நிரப்பாமல் புரோகிராம் அடுத்த ஆளுக்கு நகராது. ஆகவே வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் எடை கேட்டு எழுதினாள். பிறகு உள்ளே போய், அவர்கள் வாயைத் திறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தோடு நின்று குறித்தாள். ‘இவ்வளவு கவனமா யார் பார்க்கறாங்க!’ என்று நோயாளிகள் நெகிழ்ந்து போனார்கள்.

அந்த இரண்டு கட்டங்களை எடுக்க ஐந்து நிமிடம் போதும். இலேசு எடுத்துவிடுவார். அதற்கு முன் நல்லதாக ஓர் எடிட்டர் கிடைக்க வேண்டாமா?

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இதைப் படிக்க உட்காரும் முன் நாற்காலியை இரண்டு முறை நகர்த்தி, விளக்கைத் திருப்பி, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தது யார்? அது போகட்டும். இன்றைக்குள் முடித்துத் தருகிறேன் என்று ஒருவரிடம் சொன்னீர்களே, அந்த வேலை என்ன ஆயிற்று? வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள், பாருங்கள்.