குதிரைப் படத்துக்குப் போட்ட ஓட்டு

இந்த வருடம் சினிமா விருதுச் சிலை இந்த வீட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று லைல் பிராண்ட்வோல்ட் முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு, கணப்புக்கு மேலிருந்த பலகையில் அதற்கு இடமும் ஒதுக்கினார். அங்கே இருந்த கடிகாரம், இரண்டு மெழுகுவர்த்தி, மாமியார் படம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு அளவு நாடாவை நீட்டிப் பார்த்தார். பதினான்கு அங்குலச் சிலை ஒன்று தாராளமாக நிற்கும்.

"அம்மா படம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அவர் மனைவி அராக்ஸி.

"தூசி தட்டுறேன்."

"அம்மா மேல தூசி இல்லையே. நேத்துதான் தொடச்சேன்."

"பலகையில தூசி."

"அதை ஏன் அளந்து பாக்கிற? எத்தனை அங்குலத் தூசி?"

லைல் நாடாவைச் சுருட்டினார். மாமியாரைத் திரும்ப மேலே ஏற்றினார். ஆனால் கொஞ்சம் ஓரமாக.

அவர்கள் இருப்பது பர்பாங்க். ஹாலிவுட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிற ஊர். அந்தத் தெருவில் பதினோரு வீடுகள். அதில் ஏழு வீடுகளில் திரைக்கலைச் சங்கத்து உறுப்பினர்கள். வருடா வருடம் சிலை யாருக்கு என்று ஓட்டுப் போடுவது அந்தச் சங்கம்தான். லைல் காலடிச் சத்தக்காரர். திரையில் ஒருவர் நடந்தால், இருட்டறையில் அதே மாதிரிச் செருப்பைப் போட்டுக்கொண்டு இவர் நடப்பார். படத்தில் கேட்பது இவருடைய நடைதான். ராணிகளுக்கும் கொலைகாரர்களுக்கும் நடந்து நடந்தே ஓய்வு பெற்றவர். அராக்ஸி ஆடை வடிவமைப்பாளர். மூன்று சகோதரிகள் சலவைக்கூடம் நடத்தும் படம் ஒன்றுக்கு இந்த வருடம் வேலை செய்திருந்தாள். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டாள். இனி ஊசியை எடுத்தால் சட்டைப் பொத்தான் தைக்கத்தானாம்.

ஆனால் விருது சீசன் ரொம்ப நெருக்கடியாக இருந்தது. ஆடைக்கு மட்டும் முப்பத்தொரு படங்கள் வரிசையில் நின்றன, இறுதிப் பட்டியலில் இடம் ஐந்துதான். உறுப்பினர்களுக்குப் படம் காட்டி மதியச் சாப்பாடும் போடும் காட்சிகள் நவம்பர் மாதத்தில் மட்டும் பத்தொன்பது. அடுத்த வீட்டு கஸ் பலோட்டா ஓய்வு பெற்ற கேமராக்காரர். சீசன் தொடங்கியதும் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மின்கம்பியையே பிடுங்கி வைத்துவிடுவார். அப்புறம் மார்ச் வரை அவருக்கு அடுப்பு தேவைப்படாது.

"யோவ் லைல், திங்கள் கோழி, செவ்வாய் மீன், புதன் என்னவோ ஒரு பிரெஞ்சுப் படம், அங்க வெறும் பாலாடைக்கட்டிதான். அதுக்கு வரல" என்று அட்டவணை போட்டு வைத்திருந்தார்.

லைலுக்குச் சாப்பாடு முக்கியம் இல்லை. அவருக்கு வேறு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அது இருபத்தாறு வருடத்துப் பழையது.

அந்த வருடம் கணவன் மனைவி இருவருமே கடைசி ஐந்தில் இருந்தார்கள். பனியில் அகப்பட்டுக்கொண்ட பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிய படத்துக்கு ஆடைப் பிரிவில் அவள். அதில் நாற்பது குழந்தைகள். நாற்பது பழைய கோட்டுகள். ஒவ்வொரு கோட்டிலும் ஒட்டுத்துணி வேறு இடத்தில், தையல் வேறு கையில். ஒரு தாய் அவசரமாகத் தைத்தது, ஒரு தாய் பொறுமையாகத் தைத்தது, தாய் இல்லாத ஒரு பையன் தானே தைத்துக்கொண்டது என்று பார்த்தவுடனே தெரியும். சத்தப் பிரிவில் லைல். அவருடையது குதிரைப்படைப் படம். திரையில் ஓடிய அத்தனை குதிரைகளின் குளம்பும் இவருடைய இரண்டு கைகள்தான்.

கடைசி ஓட்டில் எல்லாரும் எல்லாப் பிரிவுக்கும் போடலாம். அப்போதெல்லாம் காகிதச் சீட்டு. ஒரு பிரிவுக்கு ஒரு குறி. ஒரு படம் அலையாக அடித்தால் அதில் எல்லாருக்கும் சிலை வரும் என்று அந்த நாளில் பேசிக்கொள்வார்கள். லைல் அலையை நம்பினார். பென்சிலை எடுத்து மேலிருந்து கீழ்வரை குதிரைப் படத்துக்கே குறி போட்டுக்கொண்டு வந்தார். ஆடைக்கு வந்தபோது பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு அதற்கும் குதிரைக்கே போட்டார். அந்தப் படத்தில் எல்லாருக்கும் ஒரே சீருடை.

உறையை ஒட்டி அராக்ஸி கையிலேயே கொடுத்தார். அடுப்படியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அவள் தெருமுனைக்குப் போனாள். லைல் ஜன்னல் அருகே நின்றிருந்தார். தபால்பெட்டியின் இரும்பு மூடி 'டங்' என்று விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

அராக்ஸிக்குச் சிலை கிடைக்கவில்லை. ஆடைக்கான சிலை குதிரைப் படத்துக்குப் போனது. லைலுக்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவள் கேட்டாள்.

"நீ எனக்குத்தானே போட்ட?"

"பின்ன? வேற யாருக்குப் போடுவேன்?"

அவள் காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த 'டங்' அதற்குப் பிறகு லைலின் காதை விட்டுப் போகவே இல்லை. மறுநாள் தானாகவே சட்டைக்கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார். அதற்கு அடுத்த நாளும். வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தது. கையால் கழுவினால்தான் பாவம் கரையும் என்று அதன் கதவைக்கூட அவர் தொடுவதில்லை. இருபத்தாறு வருடத்துத் தட்டுகள் கரைந்திருக்கும். பாவம் அப்படியே இருந்தது.

ஆகவேதான் இந்த வருடத் திட்டம். கடைசி ஐந்தைப் பொறுக்குவது ஆடைக் கலைஞர்கள் மட்டும். அவர்களிடம் ஓட்டுக் கேட்பது விதிப்படி குற்றம். ஆனால் அவர்களுக்கு முன்வரிசையிலோ பின்வரிசையிலோ உட்கார்ந்து இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டால் எந்த விதி தடுக்கும்?

கஸ்ஸுக்கு வசனம் எழுதிக் கொடுத்து மூன்று நாள் பயிற்சி நடந்தது.

"நான் ஆரம்பிப்பேன். 'அந்தச் சலவைக்கூடப் படம் பாத்தியா'ம்பேன். நீ என்ன சொல்லணும்?"

"பாத்தேன்."

"சத்தமா!"

"பாத்தேன்! அந்த மேலங்கி இருக்கே, அதுல இருக்கிற கறைகூட நடிச்சிருக்குது!"

"அருமை. அதுக்கப்புறம்?"

"அப்புறம் சாப்பாடு."

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் போனார்கள். ஆடைப் பிரிவில் முப்பது வருடமாக இருக்கும் ஃபிலிப்பா டெம்ப்ஸிக்கு நேர் பின்னால் இடம் பிடித்தார்கள். படம் முடிந்து தட்டுகளோடு திரும்ப வந்து அமர்ந்ததும் லைல் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன் கஸ், அந்தச் சலவைக்கூடப் படம் பாத்தியா?"

கஸ் வாய் நிறைய மீன். "ம்."

"ஆடையெல்லாம் எப்படி?"

"மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு. இன்னொரு துண்டு கேட்டா குடுப்பாங்களா?"

"ஆடையக் கேட்டேன்!"

"ஆங்! ஆடை! இப்பப் பாத்தோமே, ராஜாவோட கோட்டு, அது பிரமாதம். சிலை அதுக்குத்தான்!"

லைல் அவர் காலை மிதித்தார். கஸ் அலறினார். ஃபிலிப்பா திரும்பினாள்.

"லைல், இதெல்லாம் அராக்ஸிக்காகவா?"

"யாரு? நாங்க சும்மா பேசிட்டு..."

"பேசு, பேசு. ஆனா அவ பேரே பட்டியல்ல இல்லையே. வடிவமைப்பாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்ல, அந்தத் தாளை அவ அனுப்பல. கெடு போன வெள்ளிக்கிழமை முடிஞ்சாச்சு. வீட்ல சொல்லலையா?"

லைல் தன் மீனை அப்படியே வைத்துவிட்டார். அதையும் கஸ்ஸே சாப்பிட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே தீய்ந்த வாடை அடித்தது. அராக்ஸி அடுப்படி மேசையில் திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃபிலிப்பா போன் பண்ணினா" என்றாள். "பேசிட்டே இருந்தேனா, முதல் பானை அடிப்பிடிச்சிருச்சு. கஸ்ஸோட கால் எப்படி இருக்கு?"

"ஏன் கையெழுத்துப் போடல?"

"முப்பத்தொரு படம் லைல். நாலு மாசம் குதிகால் செருப்பைப் போட்டுக்கிட்டு நின்னுகிட்டே சிரிக்கணும். என் முட்டி தாங்காது."

"உன் கடைசிப் படம்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."

"உனக்கும் சங்கடம்தானே? மறுபடியும் உக்காந்து ஓட்டுப் போடணும்."

மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். இலை சுருட்டும் கை நிற்கவில்லை. லைல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இருபத்தாறு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"அராக்ஸி, அந்தத் தடவை நான் உனக்குப் போடல. குதிரைக்குப் போட்டேன். காருல உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"ம்."

"அந்த நாற்பது கோட்டும்தான் அந்த வருஷத்துலயே நல்ல வேலை. தானே தச்சுக்கிட்ட பையனோட கோட்டை நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இடது கையால தச்சத நான் பாத்தேன். எல்லாம் தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் குறி போட்டேன். இந்த வருஷமாவது சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். அதுக்கும் வழி இல்லாமப் போச்சு."

அராக்ஸி கையைத் துடைத்தாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு தட்டுகூட இல்லை. தட்டு அடுக்கும் இடத்தில் வரிசையாக நூல்கண்டுகள். கரண்டிக் கூடையில் கத்தரிக்கோல்கள். கீழே பொத்தான் டப்பாக்கள். ஒரு டப்பாவுக்கு அடியிலிருந்து பழுப்பேறிய உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். சங்கத்தின் முத்திரை. லைலின் கையெழுத்து.

"கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சேன்" என்றாள். "பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தேன். அப்புறம் போட மனசு வரல."

"போட்ட! நான் கேட்டேனே! மூடி விழுந்த சத்தம்!"

"நீ ஜன்னல்கிட்டக் காதை நீட்டிட்டு நின்ன. மூடியத் தூக்கி விட்டேன், வெறுங்கையோட."

லைல் வாயைப் பிளந்தார். குதிரையே இல்லாமல் குதிரை ஓட்டிக் காட்டியவர் அவர். தபாலே இல்லாமல் அவருக்கு ஒருத்தி தபால் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

மெல்ல மெல்ல இன்னொன்று விளங்கியது. எழுந்தேவிட்டார்.

"அப்போ உனக்கு எதிரா என் ஓட்டு விழவே இல்ல! உன்னைத் தோக்கடிச்சது நான் இல்ல!"

"இல்ல."

"இருபத்தாறு வருஷம்! கடவுளே, நான் ஒண்ணும் பண்ணல!" இரண்டு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் நின்றார். "இரு, இரு. இதுக்குள்ள சத்தப் பிரிவுக்கும் குறி போட்டிருந்தேனே. எனக்கு நானே போட்டது."

"அதுவும் இதுக்குள்ளதான் இருக்கு."

"ஒரு ஓட்டுல தோத்திருந்தேன்னா?"

"சங்கம் எண்ணிக்கைய வெளிய சொல்றதில்லையே" என்றாள் அராக்ஸி. அவள் குரலிலும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "நானும் அதை நெனச்சுப் பாத்திருக்கேன். சில வருஷம் நிறைய."

லைல் உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தார். வேலிக்கு அப்பால் கஸ் நொண்டி நொண்டி வீட்டுக்குள் போவது லைலுக்குக் கேட்டது.

"ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றார் கடைசியில்.

"நீயா வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். ஒரு நாள். மறுநாள் நீ வந்து பாத்திரம் கழுவ ஆரம்பிச்ச. சரி, ஒண்ணும் அவசரம் இல்லன்னு விட்டுட்டேன்."

லைல் நிமிர்ந்தார். அநியாயமாகத் தண்டனை அனுபவித்தவரின் மிடுக்கு முகத்தில் வந்தது.

"அப்போ இன்னையோட முடிஞ்சுது. இனிமே எல்லாத் தட்டும் இயந்திரத்துலதான்."

"தாராளமா போடு. அது ரிப்பேர் ஆகிப் பதினேழு வருஷம் ஆச்சு. நீ திறந்து பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றாள் அராக்ஸி. அடுத்த இலையை எடுத்து விரித்தாள். "அடிப்பிடிச்ச பானைய ஊற வெச்சிருக்கேன்."