கால் மணிக்கொரு தரம் ரேக்ளா

இனிமேல் நம் வீட்டுச் சமாசாரம் எதுவும் அடுத்தவன் கம்ப்யூட்டரில் குடியிருக்கக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்மானம் போட்டேன். தீர்மானம் போட்ட இடம் மாட்டுக் கொட்டகை. ஆமோதித்தது எருமை மட்டும்.

உள்ளே வந்து சொன்னபோது என் மனைவி கௌசிகா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, நம்ம போட்டோ, காலண்டர் எல்லாம் எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

"போன்ல."

"போன்ல இல்ல. எங்கியோ ஒரு சீமையில, எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல இருக்குது."

"பத்தரமா வெச்சிருக்கறானுங்களா?"

"வெச்சிருக்கறான்."

"அப்பறம் என்னங்க, இருந்துட்டுப் போகுது. மோட்டாரை நிறுத்துனீங்களா?"

எங்கள் வீட்டில் சுதந்திரம் பற்றிய விவாதம் எல்லாம் மோட்டாரில்தான் வந்து முடியும். போய் நிறுத்திவிட்டு வந்தேன்.

உங்களிடம் மறைப்பானேன். பிரச்சினை சுதந்திரம் அல்ல, வருகிற ஞாயிற்றுக்கிழமை. வருஷா வருஷம் கௌசிகாவின் அண்ணன் அர்த்தநாரி கோவிந்தாபுரத்தில் கெடா விருந்து போடுவார். கறிச்சோறு கசக்குமா என்று கேட்பீர்கள். கல்யாணமான முதல் வருஷம் என்னை நடு இலையில் உட்காரவைத்து, பக்கத்தில் ஆள் நின்று கவனித்தார்கள். இரண்டாம் வருஷம் பந்திக்கு ஓர் ஆள் குறைந்தது. "மாப்ள, ஒரு கை புடிங்க" என்று சோத்து வாளியைக் கொடுத்தார் அர்த்தநாரி. அதற்கப்புறம் பதினாறு வருஷம் ஆகிறது. இன்னும் அந்த வாளியை நான் கீழே வைக்கவில்லை. எனக்கு இலை போடும் நேரத்தில் சட்டியில் எலும்பும், வாசலில் அதற்கு உரிமைப்பட்ட நாயும்தான் இருக்கும்.

இந்த வருஷம் அதே ஞாயிறு பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ரேக்ளா பந்தயம். என் சிநேகிதன் சுவக்கீனின் காளைகள் ஓடுகின்றன. போயே ஆகவேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் போன் காலண்டர்தான் சட்டம். அதில் எழுதுகிறவள் கௌசிகா, நடக்கிறவன் நான். 'ஞாயிறு, கோவிந்தாபுரம்' என்று போன மாதமே எழுதிவிட்டாள். காலண்டர் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டால் பேனா என் கைக்கு வந்துவிடும். இதுதான் என் சுதந்திரப் போராட்டத்தின் உள்விவகாரம்.

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நவ்ஷாத்திடம் போனேன். போன வருஷமும் இந்த ஆசை வந்து, அவன் எழுதிக் கொடுத்த நாற்பத்திரண்டு கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். இருபத்தொன்பதாவதில் கரண்டு போனது. அந்தப் பெட்டி இன்றுவரை அரிசி மூட்டைக்கு முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறது.

"அந்தக் காலமெல்லாம் போச்சுண்ணே," என்றான் நவ்ஷாத். "இப்ப ஒரே ஒரு ஃபைல்தான். எப்படிச் செய்யணும்னு சொல்ல வேண்டாம். எப்படி இருக்கணும்னு எழுதி வெச்சாப் போதும். போட்டோ இங்க, காலண்டர் இங்க, இன்னார் பார்க்கலாம், இன்னார் எழுதலாம். மீதிய அதுவே பார்த்துக்கும்."

"கரண்டு போனா?"

"வந்ததும் ஃபைலைப் படிச்சுப் பார்த்து, எழுதினபடி இல்லாததை ஷெரியாக்கிடும். மிஷினே புகைஞ்சு போனாலும் வேற மிஷின்ல இதே ஃபைலைப் போடுங்க, பழையபடி எல்லாம் எழுந்து நிக்கும்."

"நடுவுல யாராச்சும் கை வெச்சு மாத்துனா?"

"கால் மணிக்கொரு தரம் சரி பார்க்கும். மாத்தினதை அழிச்சிட்டு, ஃபைல்ல இருக்கறதையே திரும்பப் போடும்."

என் காது கூர்மையானது. "காலண்டர்ல எழுதுறதையுமா?"

"ஃபைல்ல எழுதினா அதையும்தான். ஆமா, பழைய காலண்டர்ல அழைப்பு போற நாற்பது பேர் இருக்காங்களே, அவங்களையும் அப்படியே சேர்த்துடவா?"

"சேரு, சேரு. ஒருத்தரையும் விட்டுப்போடாத," என்றேன். யார் அந்த நாற்பது பேர் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெயிக்கப் போகிறவனுக்குத் தாராள மனசு வந்துவிடும்.

ஃபைலில் என் கைப்பட எழுதினேன்: 'ஞாயிறு. ரேக்ளா. காலை ஏழு மணிக்கு நம் தோட்டத்தில் கூடல்.' சுவக்கீன் வண்டியோடு தோட்டத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. கிணறு வெட்டுகிறவன் ஆழமாக வெட்ட வேண்டாமா? பக்கத்தில் 'ஒவ்வொரு வருஷமும்' என்றும் சேர்த்தேன்.

புதன்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்தது. கௌசிகாவைக் கூப்பிட்டு விளக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எப்படி இருக்கணும்னு எழுதுனாப் போதும் புள்ள. தன்னால நடக்கும். ஆரு மாத்துனாலும் கால் மணிக்கொரு தரம் பழையபடி ஆயிரும்."

"எப்படின்னு சொல்லவே வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"பரவால்லியே. பதினெட்டு வருசமா நான் உங்ககிட்ட அதைத்தான் எதிர்பார்க்கறேன். உங்களுக்கு எப்படின்னும் சொல்லணும், பின்னாலயே வந்து பார்க்கவும் வேணும்."

அவள் காலண்டரைத் திறந்தாள். ரேக்ளா என்று இருந்தது. அழித்துவிட்டு 'கோவிந்தாபுரம்' என்று எழுதினாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாள். ரேக்ளா.

"இது என்னங்க, மறுபடியும் ரேக்ளாங்குது?"

"ஃபைல்ல அப்படி இருக்குதாட்ட இருக்குது."

"அப்ப ஃபைலை மாத்துங்க."

"நவ்ஷாத்து ஊர்ல இல்லியே."

நடுவில் அவள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்து மறுபடியும் மாற்றினாள். அதற்கப்புறம் விடவே இல்லை. தோசைக்கல்லில் ஒரு கை, போனில் ஒரு கை. பால் கறந்துவிட்டு வந்து மாற்றினாள். சீரியலில் விளம்பரம் வந்தால் மாற்றினாள். கால் மணிக்கொரு தரம் கோவிந்தாபுரம் செத்து ரேக்ளா பிழைத்தது. வெள்ளிக்கிழமை எனக்கே பாவமாக இருந்தது. பெண்பிள்ளை, கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட முடியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போனைக் கீழே வைத்தாள். "செரிங்க. நீங்க ரேக்ளாவுக்கே போங்க."

பதினெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"போறதுக்கு முன்னால தோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி உட்டுருங்க. அப்படியே நாப்பது வாழை இலை அறுத்து வெச்சுருங்க."

"எதுக்கு?"

"வேணுமுங்க."

ஜெயித்தவன் காரணம் கேட்க மாட்டான். தென்னந்தோப்பைப் பெருக்கி, இலை அறுத்து, தண்ணீர் தெளித்தும் வைத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. வண்டிச் சத்தம் கேட்டது. சுவக்கீன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். இரண்டு வேனும் ஒரு ஜீப்பும் நின்றன. ஜீப்பிலிருந்து அர்த்தநாரி இறங்கினார். வந்த வேகத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"மாப்ள, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"என்னாச்சுங்க மச்சான்?"

"இத்தன வருசத்துல ஒருக்காவாச்சும் எங்களை வாங்கன்னு சொல்லியிருப்பீங்களா? இந்த நாலு நாள்ல முப்பத்தியொரு தடவ கூப்பிட்டிருக்கறீங்க. எங்க சனம் அத்தன பேரு போன்லயும் வந்துது. 'ஈஸ்வரமூர்த்தி அழைக்கிறார், நம் தோட்டத்தில் கூடல்'னு."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஒரு தரம் கூப்பிட்டால் அது மரியாதைக்கு. யாரும் கிளம்ப மாட்டார்கள். இரண்டாம் தரம் கூப்பிட்டால் மெய்யான அழைப்பு. மூன்றாம் தரமும் கூப்பிட்டுப் போகாவிட்டால் உறவே அறுந்துவிடும். முப்பத்தொரு தரம் கூப்பிட்டால் படுத்த படுக்கையில் கிடப்பவரைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒருவரை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மொதத் தடவ நான் நம்பல மாப்ள. கௌசியைக் கேட்டேன். 'அவரு வாயில சொல்ல மாட்டாருங்ண்ணா, மறுக்கா வருதான்னு பாருங்க'ன்னா. அவ கோவிந்தாபுரம்னு மாத்தறா, நீங்க உடாம உங்க தோட்டத்துக்குன்னு மாத்தறீங்க. பாசம்னா இதுதான் மாப்ள. கெடாயை விடியக்காலமே முனியப்பனுக்கு வெட்டியாச்சு. கறி வண்டியில இருக்குது. சாப்பிட்டுப்போட்டு அல்லாரும் சேந்து ரேக்ளாவுக்குப் போலாம்."

திரும்பிப் பார்த்தேன். கௌசிகா நான் அறுத்த இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது.

சற்று நேரத்தில் சுவக்கீன் வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். முதல் பந்தி உட்கார ஒரு மணி ஆனது. கோவிந்தாபுரத்தில் மாப்பிள்ளை என்று சொல்லியாவது முறையிட்டுப் பார்க்கலாம். இங்கே நான் வீட்டுக்காரன். வீட்டுக்காரன் கடைசியில்தான் உண்ண வேண்டும். கோவிந்தாபுரத்திலிருந்து வேனில் வந்திருந்த அதே வாளியை என் கையில் கொடுத்தவள் கௌசிகாவேதான். மூன்றாம் பந்தியில் சுவக்கீன் போனில் கூப்பிட்டு, காளைகள் முதல் பரிசு வாங்கிவிட்டன என்றான். சரியாகக் காதில் விழவில்லை. நாலாவது இலையில் சோறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"முப்பத்தியொரு தடவ மாத்துனது நீதானே?"

"நான் கோவிந்தாபுரம்னுதானுங்க எழுதுனேன். நம்ம தோட்டம்னு எழுதுனது நீங்க. எழுதுனாப் போதும், தன்னால நடக்கும்னீங்க. நடந்துருச்சு."

அர்த்தநாரி வேனில் ஏறிக்கொண்டிருந்தார். சோத்து வாளி எங்கள் சமையலறை வாசலிலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மச்சான், வாளியை மறந்துட்டீங்க."

"மறக்கல மாப்ள. ஒவ்வொரு வருசமும்னு போட்டிருக்கறீங்களே, அது இங்கியே இருக்கட்டும்."